கரண்டியைச் சாய்த்தால்

பிப்ரவரி 2

அண்ணி,

"இனிமே எனக்குப் போன் பண்ணாதே" என்று ஆஸ்பத்திரி வராந்தாவில் சொன்னீர்கள். கடிதம் எழுதாதே என்று சொல்லவில்லை. அந்தச் சந்து வழியாகத்தான் வருகிறேன்.

மண்டியில் அண்ணனோடு ஏலம் போடுகிறவர் நேற்று என்னைக் கூப்பிட்டார். "உங்கண்ணனுக்கு வாய் வழியா குடுத்துப் பாக்கறாங்களாம்மா. வெறும் கூழாம். மூஞ்சியத் திருப்பிக்கிறாராம்" என்றார். என் அண்ணன் விழுங்குகிறானா இல்லையா என்பது எனக்குக் காய்கறி மண்டி வழியாகத் தெரியவருகிறது. இதை நான் குறையாகச் சொல்லவில்லை. குறைதான். ஆனால் இப்போது சொல்லவில்லை.

அன்று வார்டில் நான் பேசியதைப் பற்றியும் இதில் எழுதப்போவதில்லை. என் ரயில் எங்கோ நின்றுவிட்டது, வருவதற்குள் நீங்கள் கையெழுத்துப் போட்டுவிட்டீர்கள், கட்டியோடு சேர்த்து அண்ணன் தொண்டையில் என்னென்ன எடுத்தார்களோ எடுத்துவிட்டார்கள். வந்து நின்றவளுக்கு முதலில் வாயில் வந்தது அதுதான். எழுதப்போவதில்லை என்றேன், எழுதிவிட்டேன்.

நான் சொல்ல வந்தது இது. கூழைக் கொடுத்தால் அவன் முகத்தைத் திருப்பத்தான் செய்வான். இத்தனை வருஷம் தக்காளியைத் தொடாமலே அது எத்தனை நாள் தாங்கும் என்று சொன்ன ஆள். அவனுக்குச் செம்மண் கொடுத்துப் பாருங்கள். சுட்ட குடைமிளகாயும் வால்நட்டும் அரைத்த மசியல். நாங்கள் ஒரே அறையில் வாடகைக்கு இருந்த காலத்தில் அதன் நிறத்தைப் பார்த்து வைத்த பெயர். உங்கள் கல்யாணத்துக்குப் பிறகும் செய்திருப்பான். நீங்கள் பட்டறையிலிருந்து வருவதற்குள் தின்று முடித்திருப்பான்.

இங்கே பாலம் பாதி எழும்பிவிட்டது. நான் இன்னும் அதே கான்கிரீட் சோதனைக் கொட்டகையில்தான். லீவு கேட்டிருக்கிறேன், கிடைக்கவில்லை.

பதில் போடுவதில்லை என்று முடிவு செய்திருந்தால் அதையாவது எழுதிப் போடுங்கள்.

சித்தெறும்பு
(பெயர் வைத்தவனால் இப்போது கூப்பிட முடியாது. நானே போட்டுக்கொள்கிறேன்.)


பிப்ரவரி 7

உன் கடிதம் வந்தது. செம்மண் பற்றி எழுதியிருந்த இடத்தை மட்டும் அவரிடம் காட்டினேன்.

போன் வேண்டாம் என்றது கோபத்தில்தான். இப்போது வேறு காரணமும் இருக்கிறது. நான் போனில் பேசும்போது அவர் கேட்டுக்கொண்டிருக்கிறார். "இன்னும் விழுங்கல." "இல்ல, டியூப்லதான்." தன்னைப் பற்றிய பேச்சு, அதில் தான் மட்டும் பேச முடியாது. சுவர்ப் பக்கம் திரும்பிக்கொள்கிறார். கடிதத்தில் சத்தம் இல்லை. கடிதத்தில் உன்னாலும் கத்த முடியாது.

நிலைமை இதுதான். மூக்கு வழியாகக் குழாய். அதில்தான் சாப்பாடு. பேச்சு வராது, ஒரு "ஆ" மட்டும் வரும். குரல் பிறகு வரலாம் என்கிறார்கள். முதலில் விழுங்க வேண்டும். விழுங்கப் பயிற்சி கொடுக்க ஒரு பெண் வீட்டுக்கு வருகிறார். எல்லாரும் டீச்சர் என்கிறார்கள்.

26ஆம் தேதி பரிசோதனை. ஒரு பசையை விழுங்கச் சொல்லி எக்ஸ்ரேயில் பார்ப்பார்கள். இரைப்பைக்குப் போனால் மூக்குக் குழாயை எடுத்துவிடலாம். மூச்சுக்குழாய்க்குப் போனால் வயிற்றில் துளை போட்டு அங்கே குழாய். எத்தனை மாதம் என்று கேட்டேன். டாக்டர் பேனாவை மூடினார், திறந்தார்.

உன் அண்ணன் சிலேட்டில் எழுதினார்: "வயித்துல ஓட்டை வேணாம்." அடியில் கோடு. சுண்ணக்கட்டி உடைந்தது.

உன் கடிதத்தில் செம்மண் என்ற இடத்தில் விரலை வைத்தார். பிறகு சிலேட்டில்: "அது."

டீச்சரிடம் கேட்டேன். "புளிப்பு இருக்குமா? நல்லதுதான், விழுங்கறதுக்குத் தூண்டும். ஆனா துளி கூட காரம் கூடாது, துளி கூட திப்பி கூடாது. கரண்டியைச் சாய்ச்சா ஒரே உருண்டையா வழுக்கி விழணும். ஒழுகினாலும் தப்பு, ஒட்டிக்கிட்டாலும் தப்பு" என்றார்.

இந்த வீட்டில் சமைத்தது அவர். எனக்குத் தெரிந்தது வெந்நீர், முட்டை. எனவே செய்முறையை எழுது. வரிசையாக. எழுதியதை அப்படியே செய்வேன். எழுதாததைச் செய்யத் தெரியாது.

கதை வேண்டாம்.


பிப்ரவரி 10

அண்ணி,

கதை இல்லாமல் எனக்கு உப்புமா கூடச் செய்ய வராது. பொறுத்துக்கொள்ளுங்கள்.

சிவப்புக் குடைமிளகாய் நான்கு. பளபளவென்று இருப்பது வேண்டாம். லேசாகச் சுருங்கினது மேல், இனிப்பு அதில்தான். அடுப்புத் தீயில் நேராக வையுங்கள். திருப்பித் திருப்பி எல்லாப் பக்கமும் கருக வேண்டும். ஐயோ கருகுகிறதே என்று பாதியில் எடுத்துவிடாதீர்கள். கரிக்கட்டை மாதிரி ஆனதும் ஒரு பாத்திரத்தில் போட்டு மூடிவிடுங்கள். தன் ஆவியிலேயே வியர்த்துத் தோலைக் கழற்றிக்கொள்ளும். விரலால் உரியுங்கள், விதையை எடுங்கள். குழாயடியில் கழுவ வேண்டாம். கழுவினால் ருசி சாக்கடைக்குப் போகும்.

வால்நட் இரண்டு கைப்பிடி. நாங்கள் உடைசல்தான் வாங்குவோம். அண்ணன் பேரம் பேசினால் கடைக்காரரே முழுசைக் கையால் உடைத்துக் கொடுத்துவிடுவார், ஆள் போனால் போதும் என்று. அதை வெந்நீரில் ஊறப்போட்டு மெல்லிய தோலைத் தேய்த்து எடுத்துவிடுங்கள். கசப்பெல்லாம் அந்தத் தோலில். பிறகு வெறும் வாணலியில் வாசனை வரும்வரை வறுங்கள்.

பூண்டு ஒரு பல், சுட்டது. சீரகம் ஒரு சிட்டிகை, வறுத்துப் பொடித்தது. மாதுளைச் சாறு ஒரு கப், அடுப்பில் வைத்து இரண்டு கரண்டியாகச் சுண்டும்வரை. எண்ணெய் இரண்டு கரண்டி. ரஸ்க் இரண்டு, பொடி செய்து. ரஸ்க்தான் இதைப் பிடித்து நிறுத்தும். இல்லாவிட்டால் எண்ணெய் ஒரு பக்கம், தண்ணீர் ஒரு பக்கம் என்று கோபித்துக்கொண்டு போய்விடும். நம்மைப் போல.

எல்லாம் சேர்த்து அரைக்க வேண்டியதுதான். நாங்கள் கொரகொரவென்று நிறுத்திவிடுவோம். அவனுக்கு வெண்ணெயாக வேண்டும்.

இப்போது கதை. மாடியில் இருந்த தையல்காரர் வீட்டு விருந்தில் ஒரே ஒரு தடவை இதைத் தின்றோம். என்ன போட்டீர்கள் என்று கேட்க அண்ணனுக்குக் கௌரவக் குறைச்சல். நாக்கிலேயே கண்டுபிடிக்கிறேன் பார் என்றான். ஞாயிறு தவறாமல் செய்து பார்த்தான். ஏலத்தில் விலை போகாத மிளகாய் சாயங்காலம் அவன் பையில் வரும். கடைசியில் ஒரு ஞாயிறு, கரண்டியை வாயில் வைத்தவன் அப்படியே நின்றான். "பிடிச்சுட்டேன் எறும்பு" என்றான். அன்றைக்கு அடுப்படியில் நின்றபடியே இரண்டு பேரும் பாத்திரத்தை வழித்துவிட்டோம். என்றைக்குமே அப்படித்தான். மிச்சம் என்ற ஒன்றை அது பார்த்ததில்லை.

விழுங்கினானா என்று ஒரு வரி எழுதுங்கள். ஒரு வரி போதும்.


பிப்ரவரி 15

ஒரு வரி: விழுங்கினார்.

மற்றவை.

மிளகாய் கருகியபோது பக்கத்து வீட்டுக்காரர் கதவைத் தட்டினார். "எரியுதா?" என்றார். "ஆமா, எரியணும்" என்றேன். நின்று பார்த்துவிட்டுப் போனார்.

நீ எழுதிய வரிசையிலேயே செய்தேன். கழுவவில்லை. விரலெல்லாம் கரி. அரைத்தேன். கண்ணுக்கு வெண்ணெய் மாதிரிதான் இருந்தது. நான் கண்ணை நம்புவதில்லை. பட்டறையில் மூக்குக்கண்ணாடி வில்லையை மெருகேற்றும் பொடி வந்தால் இரண்டு கண்ணாடித் துண்டுக்கு நடுவே ஒரு பொட்டு வைத்துத் தேய்த்துப் பார்ப்போம். ஒரே ஒரு பருமணி இருந்தால் போதும், வில்லை கீறிப்போகும். செம்மண்ணையும் அப்படிப் பார்த்தேன். சர்ரென்றது. வால்நட். மறுபடி அரைத்தேன். சர்ர். மெல்லிய துணியில் போட்டுக் கரண்டியின் முதுகால் தேய்த்து வடித்தேன். கை வலித்தது. மூன்றாவது தடவை கண்ணாடித் துண்டுகள் ஒன்றின் மேல் ஒன்று சத்தமில்லாமல் நகர்ந்தன.

டீச்சர் காலையில் வந்தார். கரண்டியைச் சாய்த்தார். ஒரே உருண்டையாக வழுக்கி விழுந்தது. "யாரு செஞ்சது?" என்றார். உன் அண்ணன் என்னைக் கை காட்டினார். பெருமையாகக் காட்டியது போலிருந்தது. எனக்கு அப்படித் தோன்றியிருக்கலாம்.

கால் கரண்டி. முகவாயைக் கீழே இறக்கி, விழுங்கி, மறுபடி வெறுமனே விழுங்கி, "ஆ" சொல்ல வேண்டும். அந்த "ஆ" ஈரமாகக் கேட்டால் தொண்டையில் ஏதோ நிற்கிறது என்று அர்த்தம்.

"ஆ" என்றார். கரகரப்பு இருந்தது. ஈரம் இல்லை.

ஐந்து தடவை கொடுத்தோம். ஐந்தும் போயின.

எப்படி இருக்கு என்று டீச்சர் கேட்டார். சிலேட்டை எடுத்து வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் ஜன்னலைப் பார்த்தார். பிறகு, "நல்லா இருக்கு."

காலையும் மாலையும் நீங்களே கொடுக்கலாம் என்று டீச்சர் சொல்லிவிட்டுப் போனார். நான் அடுப்படிக்குப் போய்க் கொஞ்ச நேரம் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு நின்றேன். கழுவ ஒன்றும் இல்லை.


பிப்ரவரி 18

முந்தைய கடிதம் உனக்குக் கிடைத்திருக்கும். கிடைக்காமல் இருந்திருந்தால் நன்றாயிருக்கும் என்று நினைக்கிறேன்.

அன்று மாலையே. கிண்ணத்தில் மீதி இருந்ததை ஃப்ரிட்ஜில் வைத்துவிட்டுப் பட்டறைக்குப் போனேன். வந்ததும் எடுத்து வெளியே வைத்தேன். குளிர் போனபிறகு கொடுத்தேன். காலையில் கொடுத்த அதே கிண்ணம், அதே கரண்டி, அதே கால் அளவு. முதல் வாயே நின்றுவிட்டது. இருமினார். இருமல் முழுதாகக்கூட வரவில்லை. முகம் நிறம் மாறியது. குனியவைத்து முதுகைத் தட்டினேன். வெளியே வந்தது. "ஆ" சொல்லச் சொன்னேன். தண்ணீருக்குள்ளிருந்து சொல்வதுபோல் கேட்டது.

டீச்சர் வந்து மார்பில் ஸ்டெதஸ்கோப் வைத்துக் கேட்டுப் பார்த்தார். நுரையீரலில் ஒன்றும் இறங்கவில்லை. மறுநாள் காலை தன் எதிரிலேயே புதிதாகச் செய்து கொடுக்கச் சொன்னார். ஐந்தும் போயின. ஒன்றிலும் இருமல் இல்லை. சந்தோஷப்பட்டோம். மாலையில் காலை மிச்சத்தைக் கொடுத்தேன். மறுபடி.

காலையில் திறக்கிறது. மாலையில் மூடிக்கொள்கிறது. தசை களைத்துப்போகிறது, சிலருக்கு அப்படி இருக்கும் என்கிறார் டீச்சர். களைத்துப்போகிற தொண்டை நாள் முழுவதும் சாப்பிட முடியாது. அப்படியென்றால் குழாய்தான்.

அவர் இப்போது வாயைத் திறப்பதில்லை. காலையிலும். கரண்டியைக் கொண்டுபோனால் உதட்டை இறுக்கிக்கொள்கிறார். சின்னப் பிள்ளை மாதிரி இல்லை. பெரிய ஆள் மாதிரி. முடிவெடுத்த ஆள் மாதிரி.

நேற்று சிலேட்டில்: "என் தொண்டை செத்துப்போச்சு. டாக்டர்கிட்ட சொல்லு. ஓட்டை போடட்டும்."

நான் சொல்லவில்லை. அவரே எழுதிக் கொடுக்கட்டும். கையெழுத்தும் அவரே போடட்டும். இந்தத் தடவை நான் போடப்போவதில்லை. நீ நிம்மதியாக இருக்கலாம்.

செம்மண் பற்றி இனி எழுதாதே.


பிப்ரவரி 21
கூரியரில்

அண்ணி அண்ணி அண்ணி,

தொண்டை இல்லை. ரஸ்க்.

முதலில் இதை அவனுக்குப் படித்துக் காட்டுங்கள். பிறகு மீதி.

உங்கள் கடிதம் நேற்று மத்தியானம் வந்தது. இதைப் பற்றி எழுதாதே என்கிறீர்கள். எழுதாமல் என்ன செய்வது என்று தெரியாமல் செய்ய ஆரம்பித்தேன். நிஜமாகவே, கொட்டகைக்குப் பின்னால் என் அறையில் அடுப்பு இருக்கிறது, மிளகாய் வாங்கி வந்து சுட்டேன். அவனுக்குக் கொடுக்க முடியாததை நான் தின்னலாம் என்று. அரைத்து முடிக்கும்போது ஆள் வந்து கூப்பிட்டான், கான்கிரீட் லாரி வந்துவிட்டது என்று. அப்படியே மூடிவைத்துவிட்டு ஓடினேன்.

லாரி தாமதம். நான் ஓட்டுநரைத் திட்டினேன். இதுதான் என் வேலை, அண்ணி. கூம்பு மாதிரி ஒரு தகர அச்சு இருக்கும். லாரியிலிருந்து கலவையை எடுத்து அதில் நிரப்பி, அச்சை மேலே தூக்குவோம். கலவை சரியும். எவ்வளவு சரிகிறது என்று அளப்போம். சரியாத கலவை இறுகத் தொடங்கிவிட்டது என்று அர்த்தம், திருப்பி அனுப்பிவிடுவோம். "கிளம்பும்போது நல்லாத்தான்மா இருந்துச்சு" என்பார்கள். "கிளம்பும்போது நல்லாத்தாண்ணே இருக்கும், வந்து சேரும்போது எப்படி இருக்குன்னு பாருங்க" என்பேன். நாள்தோறும் சொல்கிறேன். நேற்றும் சொன்னேன்.

ராத்திரி திரும்பி வந்து செம்மண்ணில் கரண்டியைக் குத்தினேன். கரண்டி நின்றது.

சாய்த்தேன். விழவில்லை. தலைகீழாகப் பிடித்தேன். அப்போதும் விழவில்லை. மத்தியானம் வழுக்கிக்கொண்டு போனது. ரஸ்க் உட்கார்ந்து உட்கார்ந்து தண்ணீரையெல்லாம் குடித்திருக்கிறது. நாங்கள் இதைக் கண்டதே இல்லை. மிச்சம் வைத்திருந்தால்தானே?

அண்ணி, காலையில் டீச்சர் கரண்டியைச் சாய்த்துப் பார்த்தார். மாலையில் நீங்கள் பார்த்தீர்களா? காலையில் பார்த்தாயிற்றே என்று விட்டிருப்பீர்கள். நானாக இருந்தாலும் விட்டிருப்பேன். பருமணி இருக்கிறதா என்று கண்ணாடி வைத்துப் பார்த்தவர் நீங்கள். இறுகுகிறதா என்று பார்க்கச் சம்பளம் வாங்குகிறவள் நான். நடுவில் அவன் தொண்டையில் பசையைப் போட்டுவிட்டோம்.

செத்தது அவன் தொண்டை இல்லை என்று சொல்லுங்கள். அது காலையிலும் ஒழுங்காக வேலை செய்தது, மாலையிலும் ஒழுங்காக வேலை செய்தது. பசை வந்ததும் வெளியே தள்ளியதே, அதுதானே அதன் வேலை? டீச்சரிடமும் சொல்லுங்கள்.

ரஸ்க்கே போடாமல் செய்யுங்கள். வால்நட்டைக் கொஞ்சம் கூட்டுங்கள், அதுவே பிடித்து நிறுத்தும். ஒவ்வொரு தடவையும், கொடுப்பதற்கு முன், சாய்த்துப் பாருங்கள்.

நேற்று உங்கள் போனில் மணி அடித்திருக்கும். நான்தான். விதியை மீறினேன். நீங்கள் எடுக்கவில்லை, சரிதான், அவன் கேட்டுக்கொண்டிருந்திருப்பான்.

"கேக்காம அறுத்துட்டீங்க" என்று அன்று வார்டில் சொன்னதை இன்னும் நான் திருப்பி எடுத்துக்கொள்ளவில்லை. இப்போது எடுத்துக்கொள்கிறேன். ரஸ்க் கண்டுபிடித்த சந்தோஷத்தில் சொல்கிறேன் என்று நினைக்காதீர்கள். கொஞ்சம் அதுவும்தான்.


பிப்ரவரி 23

கூரியர்காரர் நேற்று மத்தியானம் வந்தார். வாசலிலேயே படித்தேன். அவர் கையெழுத்துக்காகக் காத்துக்கொண்டு நின்றதை மறந்துவிட்டேன்.

உள்ளே போய் அவருக்குப் படித்துக் காட்டினேன். நம்பவில்லை. ஆறுதல் சொல்கிறோம் என்று நினைத்தார். உன்னைப் பற்றிச் சிலேட்டில் எழுதியதை இங்கே எழுதவில்லை. அன்பாகத்தான் எழுதினார், ஆனால் கெட்ட வார்த்தை.

இன்று லீவு போட்டேன். காலையில் இரண்டு கிண்ணம் செய்தேன். ஒன்றில் ரஸ்க். ஒன்றில் இல்லை. கட்டிலுக்கு எதிரே மேஜையில் வைத்தேன். டீச்சரும் வந்து இரண்டையும் சாய்த்துப் பார்த்தார். இரண்டும் வழுக்கி விழுந்தன. "சாயங்காலம் மறுபடி வரேன். யாரும் தொடக் கூடாது" என்றார். அவருக்கும் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது.

நாள் முழுவதும் நாங்கள் இரண்டு பேரும் இரண்டு கிண்ணத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். வேறு எதையும் பார்க்க முடியவில்லை. ஒரு ஈ வந்தது. அவர் சிலேட்டால் விரட்டினார்.

மாலையில் டீச்சர் வந்ததும் கரண்டிக்கு உன் அண்ணனே கையை நீட்டினார். முதல் கிண்ணம். சாய்த்தார். விழவில்லை. உதறினார். விழவில்லை. இரண்டாவது கிண்ணம். சாய்த்தார். மெதுவாக, ஒரே உருண்டையாக, மேஜைமேல் விழுந்தது.

அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு முதல் கரண்டியை எடுத்தார், எடுத்துத் தலைகீழாகப் பிடித்தார். தோள் குலுங்கியது. அழுகிறார் என்று எழுந்தேன். சிரிப்பு. சத்தம் வராத சிரிப்பு எப்படி இருக்கும் என்று எனக்கு அதுவரை தெரியாது.

டீச்சர் நெற்றியில் கையை வைத்துக்கொண்டார். "களைச்சுப்போற தொண்டைன்னு ரிப்போர்ட்டே எழுதி வச்சுட்டேன். கிழிச்சுடறேன்" என்றார்.

உன் அண்ணன் இரண்டாவது கிண்ணத்தைக் காட்டி வாயைத் திறந்தார். ஐந்து. மாலையில் ஐந்து. "ஆ" உலர்ந்திருந்தது.

நீ கடைசியில் எழுதியிருந்ததையும் படித்தார். வார்டில் நீ பேசியபோது அவர் மயக்கத்தில் இருந்தார். அவருக்கு இதுவரை தெரியாது. என்னை ஒரு பார்வை பார்த்தார். "ரெண்டு பேரும் சண்டை போட்டீங்களா? நான் பாக்கலையே" என்று எழுதினார். ஏதோ சினிமாவைத் தவறவிட்டது மாதிரி.

உனக்கு ஒன்று. உன் ரயில் எங்கே நிற்கிறது என்று அன்று எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தாலும் போட்டிருப்பேன். மூச்சு விட முடியாமல் இருந்தார். நீ இருந்திருந்தால் நீயும் போட்டிருப்பாய். அதனால் உன்மேல் வருத்தம் என்று இப்போது ஒன்றும் இல்லை. தேடிப் பார்த்தேன். கொஞ்சம் இருந்தது. போகட்டும்.

இன்னும் மூன்று நாளில் பரிசோதனை.


பிப்ரவரி 25

அண்ணி,

இது உங்களுக்குப் போய்ச் சேரும்போது எல்லாம் முடிந்திருக்கும். தெரிந்தேதான் எழுதுகிறேன். கை சும்மா இருக்க மாட்டேன் என்கிறது.

நாளைக்கு இரண்டு லாரி. இரண்டையும் வேறொருவரைப் பார்க்கச் சொல்லியிருக்கிறேன். என்னை நம்பி நாளை யாரும் பாலம் கட்ட வேண்டாம்.

நான் போன் பண்ண மாட்டேன். கையிலேயே வைத்திருப்பேன், அவ்வளவுதான்.


மார்ச் 1

நேற்று முன்தினமல்ல, அதற்கும் முந்தைய நாள் போனில் நாம் என்ன பேசினோம் என்று எனக்கு நினைவில்லை. நான்தான் கூப்பிட்டேன் என்பது நினைவிருக்கிறது. மணி அடிப்பதற்கு முன்பே எடுத்துவிட்டாய். "என்ன ஆச்சு என்ன ஆச்சு" என்றாய். நான் "போயிடுச்சு" என்றேன். அதை நீ வேறுமாதிரி எடுத்துக்கொண்டு கத்த, "ஐயோ இரைப்பைக்குடீ, ஒழுங்கா இரைப்பைக்குப் போயிடுச்சு" என்று நான் கத்த, எக்ஸ்ரே அறை வாசலில் உட்கார்ந்திருந்தவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். ஒரு பெரியவர் கை தட்டினார். அதற்குப் பிறகு இரண்டு பக்கமும் வெறும் மூக்கு உறிஞ்சும் சத்தம். எனவே எழுதுகிறேன்.

திரையில் பார்த்தேன். கறுப்பாக ஒரு பொட்டு. நாக்கின் மேலிருந்து பின்னால் நகர்ந்தது, அங்கே ஒரு கணம் நின்றது. நானும் நின்றேன். பிறகு கீழே சறுக்கிச் சரியான பாதையில் போனது. டாக்டர் "அடுத்தது" என்றார், இட்டிலிக் கடையில் சொல்வதைப் போல. எல்லாம் போயின. வயிற்றில் ஓட்டை வேண்டாம். மூக்குக் குழாயை அங்கேயே எடுத்துவிட்டார்கள். வீட்டுக்கு வந்ததும் கண்ணாடிக்கு முன்னால் நின்று வெகு நேரம் தன் மூக்கையே பார்த்துக்கொண்டிருந்தார்.

இன்னும் எல்லாம் மசியல்தான். தண்ணீர்கூடக் கெட்டியாக்கித்தான். குரல் எப்போது என்று யாரும் சொல்லவில்லை. மண்டிக்குப் போக நாளாகும். ஆனால் வாய் வழியாக. எல்லாம் வாய் வழியாக.

நேற்று ஒன்று நடந்தது. ஒரு முழுக் கிண்ணம் செம்மண் சாப்பிட்டார். முடித்ததும் சிலேட்டை எடுத்து, எழுதி, அழித்து, மறுபடி எழுதினார். "ஒண்ணு சொல்றேன். கோவப்படாதே. எனக்கு ருசி போயிடுச்சு. முதல் நாளே தெரியும். விழுங்கறதே பெருசுன்னு சொல்லல."

ஒரு கிணற்றிலிருந்து ஏறிவந்து இன்னொன்றின் விளிம்பில் நிற்பது போலிருந்தது எனக்கு. கிண்ணத்தின் ஓரத்தில் ஒட்டியிருந்ததை விரலால் வழித்து வாயில் வைத்தேன். இத்தனை நாளில் நான் அதை வாயில் வைத்தது அதுதான் முதல் தடவை. கண்ணாடியில் தேய்த்தேன், துணியில் வடித்தேன், கரண்டியைச் சாய்த்தேன். ருசி பார்க்கவில்லை. அவரால் முடியாததை அவர் எதிரில் நான் தின்பதா என்று இருந்தேன்.

உப்பு இல்லை.

உன் கடிதத்தை எடுத்து வந்து இரண்டு தடவை படித்தேன். மாதுளைச் சாறு இருக்கிறது. தையல்காரர் இருக்கிறார். உப்புமாகூட இருக்கிறது. உப்பு இல்லை. நீ எழுதியதை அப்படியே செய்வேன் என்று சொன்னவள் நான். செய்தேன். அவரிடம் கடிதத்தைக் காட்டினேன். படித்தார். தலையில் அடித்துக்கொண்டார். உன் தலை அருகில் இல்லாததால் தன் தலையில்.

புதிதாக ஒரு கிண்ணம் செய்தேன். உப்புப் போட்டேன். எவ்வளவு என்று தெரியாமல் ஒவ்வொரு சிட்டிகையாகப் போட்டுக் கொடுத்துக்கொண்டே வந்தேன். மூன்றாவது சிட்டிகையில் கண்ணை மூடிக்கொண்டார். கையை உயர்த்தினார், போதும் என்று. ஏலத்தில் விலையை முடிக்கும்போது உயர்த்துவாரே, அந்தக் கை.

அப்படியே உட்கார்ந்திருந்தார்.

சனிக்கிழமை லீவு கிடைத்துவிட்டது என்று நீ போனில் சொன்னாய் என்று நினைக்கிறேன். இல்லையென்றாலும் வா. ரயில் எத்தனை தாமதமானாலும் சரி, ஒன்றும் நடந்துவிடாது.

பிறகு அவர் ஒரு கரண்டி எடுத்து என் பக்கம் நீட்டினார். வாங்கிக்கொண்டேன். நிதானமாக, மரியாதையாக, கண்ணைக்கூட மூடிப் பார்த்தேன். உன்னிடம் மறைப்பானேன்: எனக்குப் பிடிக்கவில்லை. உப்புப் போட்ட பிறகும் பிடிக்கவில்லை. இதற்கா இரண்டு பேரும் ஞாயிறு தவறாமல் அடுப்படியில் நின்றீர்கள்?

அவரிடம் அப்படியே சொன்னேன். கிண்ணத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு, இடது கையால் சிலேட்டில் கோணல் மாணலாக எழுதிக் காட்டினார்.

"நல்லதாப் போச்சு."

அண்ணி